படம் பார்த்துப் போக்கர் கற்கலாமா? டெல்டா நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் சிலர் போக்கர் ஆடுகிறோம். பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். தோற்றவர் டீ வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. புதிதாக வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஆங்கிலப் படத்தைப் பார்த்த வேகத்தில்தான் வருகிறார்கள். கேட்கிற கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. அதில் முதலில் மூன்று விழும் (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழு சீட்டில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். கீழே பல படங்களின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் பார்த்தே போக்கர் கத்துக்க முடியுமாண்ணே?

விதிமுறைக்கும் கணக்குக்கும் படம் உதவாது. ஒன்பது பேர் உட்கார்ந்த மேஜையில் தேர்ந்த ஆட்டக்காரர் பத்துக் கையில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை, கிடைத்த சீட்டையும் கை என்போம்) ஏழெட்டை முதல் சுற்றிலேயே கீழே போட்டுவிடுவார். அதை அப்படியே படமாக எடுத்தால் இடைவேளைக்கு முன்பே தியேட்டர் காலியாகிவிடும். கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. திரையிலோ ஆளாளுக்கு ஏஸ் வைத்திருப்பார்கள்.

ஆனால் மனசு கெடுகிற விதத்தைக் காட்டுவதில் சினிமாவை மிஞ்ச எந்தப் புத்தகத்தாலும் முடியாது. கேமரா ஜெயிக்கிறவனைத்தான் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் அவனை விட்டுவிட்டுத் தோற்கிறவனைப் பாருங்கள். அவன் எந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும், ஏன் போகவில்லை என்று கேளுங்கள். என் பதில்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

மன்னார்குடியில் வருஷக்கணக்கா ரம்மி ஆடுறேன் சார். அது கைகொடுக்குமா?

ஒரு விஷயத்தில் நிச்சயம் கைகொடுக்கும். 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் (ஆடாமல் ஒதுங்கினால்) 20 பாயின்ட், நடுவில் விட்டால் 40, உட்கார்ந்தே மாட்டிக்கொண்டால் ஃபுல் 80. இந்தக் கணக்கு உடம்பில் ஊறியவருக்கு ‘சின்ன நஷ்டத்தோடு ஒதுங்கு’ என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். படம் பார்த்து வரும் கல்லூரிப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கஷ்டமானது இது ஒன்றுதான்.

கை கொடுக்காதது எது என்றால், ரம்மியில் மோசமான சீட்டை வைத்துக்கொண்டு எதிராளியை எழுப்பி விரட்ட முடியாது. இங்கே முடியும். அந்த ஒரு வித்தியாசத்துக்குப் பழக நாளாகும்.

எதிராளி முகத்தைப் படிக்கிறதுதானே போக்கர்? ‘ரவுண்டர்ஸ்’ல பிஸ்கட்டை வச்சே கண்டுபிடிப்பாங்களே?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 1998-இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் மேட் டேமன் சட்டக் கல்லூரி மாணவன். ஜான் மால்கோவிச் நடித்த டெடி கேஜிபி சூதாட்ட விடுதி நடத்தும் ரவுடி. டெடி ஆடும்போது ஓரியோ பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே இருப்பான். அதை எடுத்துத் தின்றால் கை வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். நாயகன் இதைக் கண்டுபிடித்து, தன்னிடம் இருந்த நல்ல இரண்டு ஜோடியையே கீழே போட்டுத் தப்பிக்கிறான்.

பிஸ்கட்டைவிட அடுத்து நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். ரகசியம் தெரிந்துவிட்டது என்பதை நாயகன் வேண்டுமென்றே டெடிக்குக் காட்டிக்கொடுக்கிறான். வேறு நாளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பிஸ்கட்டை வைத்தே டெடியை ஓட்டாண்டியாக்கியிருப்பான். ஆனால் கடனை அடைக்க விடியும் வரைதான் கெடு. அதனால் தகவலை விற்று எதிராளியின் கோபத்தை வாங்குகிறான். டெடி தட்டைத் தூக்கி வீசுகிறான், அதற்குப் பிறகு அவனுக்கு நிதானம் திரும்பவே இல்லை. பாடம் அங்கே இருக்கிறது.

அதே முகம் படிக்கும் பெருமையை ‘கேசினோ ராயல்’ (2006) பாதியிலேயே உடைக்கிறது. வில்லன் லெ ஷீஃப்ர் பிளஃப் அடிக்கும்போது (மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல கைபோலப் பந்தயம் கட்டி மிரட்டும்போது) கண்ணருகே துடிக்கும், கை அங்கே போகும் என்று ஜேம்ஸ் பாண்ட் கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறான். அதை நம்பி மொத்தத்தையும் வைக்கிறான். வில்லன் காட்டுவது நாலு ஜாக்கி. துடிப்பு வெறும் நடிப்பு.

நிஜத்திலும் முகம் நம்பகமான சாட்சி இல்லை. பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2006-இல் இரண்டு உளவியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். சராசரி மனிதர் சரியாகச் சொல்வது 54 சதவீதம், அதாவது காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல். (அந்த இருவரில் ஒருவரின் குடும்பப் பெயர் பாண்ட். சத்தியமாக.) 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில் 2009 உலகப் போக்கர் தொடரின் காட்சிகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் கையின் தரத்தைச் சொல்ல முடியவில்லை. சில்லுகளைத் தள்ளும் கையசைவை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். முகத்தை எல்லாரும் காபந்து பண்ணுகிறார்கள், தோளையும் மணிக்கட்டையும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா இருக்கிறார். முகம் கல்லு மாதிரி இருக்கும். கை நன்றாக இருந்தால் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகப் பிரித்து, விரலால் வரிசை கட்டி, மெதுவாக நகர்த்துவார். பிளஃப் என்றால் ஒரு கைப்பிடி அள்ளி எண்ணாமலேயே நடுவில் போடுவார். இதைப் பிடிக்க அவர் ஒன்றுமில்லாத சமயத்தில் எப்படிப் போடுகிறார் என்பதைப் பல வாரம் பார்த்திருக்க வேண்டும். படத்தில் அதற்கு இரண்டு குளோசப் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ‘லிப்ரேட்டஸ்’ என்ற கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி ஜெயித்தது. அதற்குக் கண்ணே கிடையாது. தன் சீட்டு, நடுச்சீட்டு, யார் எவ்வளவு பந்தயம் கட்டினார்கள் என்ற எண்ணிக்கை, இவ்வளவு மட்டும்தான் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

அப்ப மனசைப் பத்திக் கத்துக்க எந்தக் காட்சியைப் பார்க்கணும்?

‘மாலிஸ் கேம்’ (2017). பணக்காரர்களுக்காகத் தனியறைப் போக்கர் நடத்திய மாலி ப்ளூம் என்ற பெண்ணின் உண்மைக் கதை. எழுதி இயக்கியவர் ஆரோன் சோர்கின். அதில் ஹார்லன் என்று ஒருவர் வருவார். நிதானமான ஆள். அவசரப்பட மாட்டார், அளந்து ஆடுவார். ஒரு நாள் மேஜையிலேயே மிக மட்டமான ஆட்டக்காரன் போட்ட பிளஃபை நம்பி, ஜெயிக்க வேண்டிய கையைக் கீழே போட்டுவிடுகிறார். போன தொகை அவருக்குத் தாங்கக்கூடியதுதான். ‘இவனிடமா தோற்றேன்’ என்பதுதான் தாங்கவில்லை. விடிவதற்குள் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்பார்கள்.

என்னைக் கேட்டால் போக்கர் படங்களிலேயே சிறந்த சில நிமிடங்கள் அவை. அவர் எழுந்து போகாததற்குக் காரணம் பேராசை இல்லை, மானம். நம் ஊரில் கல்யாண மண்டபத்தில் முந்தின இரவு சீட்டாட உட்காருகிறவர்களிடம் இதே முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பங்காளியிடம் தோற்றால் சிரித்துவிட்டுப் போகிறவர், சம்பந்தி வீட்டுச் சின்னப் பையனிடம் தோற்றால் விடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

பாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஜாக்கியில் எல்லாம் போனபின், மறுபடி உள்ளே நுழைய இன்னும் 50 லட்சம் டாலர் கேட்கிறான். கூட வந்த அதிகாரி வெஸ்பர் தரமாட்டேன் என்கிறாள். உடனே மேஜையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வில்லனைக் குத்தக் கிளம்பிவிடுகிறான்! உலகப் புகழ் பெற்ற நிதானசாலி. வழியில் ஒருவன் தடுத்துப் பணம் தந்ததால் பிழைத்தான். நமக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.

திருக்குறளில் சூது அதிகாரத்தின் கடைசிக் குறள், 940, இதைத்தான் சொல்கிறது. சூதில் பொருளை இழக்க இழக்க அதன்மேல் ஆசை கூடுமாம்.

‘கேசினோ ராயல்’ கடைசிக் கை பயங்கர மூளை ஆட்டம் இல்லையா?

இல்லை. நடுவில் இரண்டு ஏஸ், அப்புறம் 8, 6, 4. ஒரு ஏஸோடு அந்த 8, 6, 4 எல்லாம் ஸ்பேடு. பாண்ட் கையில் ஸ்பேடு 5, ஸ்பேடு 7. 4 முதல் 8 வரை ஒரே இனத்தில் வரிசையாக, அதாவது ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். அந்த நடுச்சீட்டுக்கு அதை மிஞ்ச இன்னொரு கை கட்டிலேயே கிடையாது. எதிரில் ஒருவனிடம் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்), இருவரிடம் ஃபுல் ஹவுஸ் (ஒரே மாதிரி மூன்று, கூட ஒரு ஜோடி). தோற்கவே முடியாத சீட்டை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ள தைரியமும் வேண்டாம், உளவியலும் வேண்டாம். ஐந்து சீட்டு ஆட்டத்தில் ராயல் (10 முதல் ஏஸ் வரை) உட்பட ஒரு ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் விழுவதே 64,974 தடவைக்கு ஒன்று. நாலு பேருக்கும் ஒரே கையில் ராஜயோகம் அடித்ததைப் பார்த்து நாம் கற்க ஒன்றுமில்லை. பாட்டு நன்றாக இருக்கும், பார்க்கலாம்.

‘உன் ஐந்நூறு இந்தா... மேல ஆயிரம்!’னு நிறுத்தி நிறுத்திச் சொல்லலாமா? வாட்ச், கார் சாவி எல்லாம் வைக்கலாமா?

இரண்டும் கூடாது. முதலில் ஈடு கட்டுவதுபோல் காட்டி, எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுவதை முறையான கிளப்புகளில் செல்லாது என்பார்கள். முதலில் சொன்னது மட்டும்தான் நிற்கும். கை தொடங்கும்போது மேஜையில் என்ன இருந்ததோ அதைத்தான் பந்தயம் வைக்கலாம். எதிராளி அதற்குமேல் வைத்தால் உங்களிடம் இருப்பதோடு ஆல்-இன் போய், அந்த அளவுக்கு மட்டும் போட்டியில் இருப்பீர்கள். பணம் பற்றாததால் கை பறிபோவது சினிமாவில் மட்டும்தான்.

கணக்கு எவ்வளவு தெரியணும்?

பெருக்கலும் வகுத்தலும் போதும். நேற்று ஒரு தம்பிக்குச் சொன்ன உதாரணம்: நடுவில் 60 புளியங்கொட்டை இருக்கிறது. டர்ன் விழுந்துவிட்டது. உன்னிடமும் நடுவிலும் சேர்த்து நாலு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஃப்ளஷ். எதிராளி 60 வைக்கிறான். நீ 60 கட்டினால் 120 ஜெயிக்கலாம். அதாவது மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது விழுந்தால்தான் கட்டுபடியாகும். விழுமா? கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. ஐந்து தடவைக்கு ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. கீழே போடு.

அதே இடத்தில் அவன் 15 மட்டும் வைத்திருந்தால்? 15 கட்டி 75 ஜெயிக்கலாம். ஆறுக்கு ஒன்று போதும். இப்போது கட்டலாம். சீட்டு அதேதான், விலைதான் மாறியது. சினிமா நாயகன் விலையைக் கேட்பதே இல்லை, மனசு சொல்கிறது என்று கட்டிவிடுவான். எடிட்டர் அவனுக்கு அந்தச் சீட்டை வரவழைத்துக் கொடுப்பார்.

சரியா ஆடியும் தோத்துட்டா நான் என்னதான் பண்றது?

‘தி சின்சினாட்டி கிட்’ (1965) பாருங்கள். இளம் சூரன் ஸ்டீவ் மெக்வீன், கிழட்டுச் சிங்கம் எட்வர்ட் ஜி. ராபின்சன். இது ஐந்து சீட்டு ஸ்டட் ஆட்டம். கடைசிக் கையில் இளைஞனிடம் ஏஸும் பத்துமாக ஃபுல் ஹவுஸ். கிழவர் ஆரம்பத்தில் நியாயமே இல்லாத சீட்டுக்குப் பணம் கட்டி இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் டைமன் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷைக் காட்டுகிறார். தப்பான காரியத்தைச் சரியான நேரத்தில் செய்தேன் என்கிற மாதிரி அவரே ஒப்புக்கொள்வார்.

பார்த்தவர்கள் பலர் ‘கிழவர் கெட்டிக்காரர்’ என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடே இல்லை. இளைஞன் ஆடியது சரி. நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் நேரத்துக்கு வந்து, பதமாகக் குறுவை நட்டவர் அறுப்பு நேரத்து மழையில் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார். அவரை யாரும் விவசாயம் தெரியாதவர் என்று சொல்வதில்லை. வரப்பில் நமக்கு இருக்கும் இந்த நியாயம் சீட்டுமேஜைக்கு வந்ததும் காணாமல் போகிறது. விளைவை வைத்து முடிவெடுத்தவனை அளக்கிறோம்.

ஆனால் ஒன்று. சரியாக ஆடியும் தோற்பது வரும் என்பதால்தான் மொத்தத்தையும் ஒரே உட்காரலில் வைக்கக்கூடாது. ‘ரவுண்டர்ஸ்’ தொடக்கத்திலேயே நாயகன் தன்னிடமிருந்த 30,000 டாலரையும் ஒரே இரவில் டெடியிடம் தோற்கிறான். அவன் கையிலும் ஃபுல் ஹவுஸ், டெடியிடம் அதைவிடப் பெரியது. அந்தக் கையை யார் ஆடியிருந்தாலும் தோற்றிருப்பார்கள். படிப்புச் செலவு உட்பட எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனதுதான் பிசகு, அது சீட்டுப் போடுவதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஏமாத்துற காட்சிகளைப் பார்த்து ஏதாவது கத்துக்கலாமா?

‘தி ஸ்டிங்’ (1973) ரயில் காட்சி ரசிக்க அருமை. வில்லன் கட்டை மாற்றித் தனக்கு நாலு ஒன்பது வரவழைக்கிறான். பால் நியூமன் நாலு ஜாக்கியைக் காட்டுகிறார். திருடனிடம் திருடுவது. கற்பதற்கு ஒன்றே ஒன்று: தெரியாத இடத்தில், தெரியாதவர் கட்டில், பணம் வைத்து உட்காராதீர்கள்.

தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?

நம் படங்களில் சீட்டுக்கட்டு வந்தால் குடும்பம் கெடப்போகிறது என்று பொருள், இல்லையென்றால் நாயகன் மூணு ஏஸைக் காட்டப்போகிறான். ‘மங்காத்தா’ (2011) பெயரில்தான் சீட்டாட்டம், கதை கிரிக்கெட் பந்தயப் பணத்தைச் சுற்றியது.

ஆனால் பாரதம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன் பாரதம் வாசிக்கக் கேட்டவர்களுக்குச் சூது சபை மனப்பாடமாகவே இருக்கும். யார் பணம், யார் ஆடுவது என்று பாருங்கள். பந்தயம் துரியோதனனுடையது, உருட்டுவது சகுனி. சொந்தப் பணம் போகாதவனுக்குக் கை நடுங்காது. எதிரே தருமர். செல்வம், நாடு, தம்பிகள், தான், பாஞ்சாலி என்று ஒவ்வொரு தோல்விக்கும் பந்தயம் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஒருமுறைகூடச் சிறியதாகவில்லை. டில்ட் என்றால் என்ன என்று கேட்கும் பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், உடனே புரிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. திருதராஷ்டிரன் பாஞ்சாலிக்குக் கொடுத்த வரத்தில் எல்லாம் திரும்பிக் கிடைத்துவிடுகிறது. ஊருக்குக் கிளம்பியும் விடுகிறார்கள். மறுபடி ஆட வா என்று அழைப்பு வருகிறது, தருமர் திரும்பிப் போய் உட்காருகிறார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாவது ஆட்டத்தில் வந்தவை. இழந்ததை மீட்கத்தான் ஆடுகிறேன் என்று சொல்பவர்கள், மீட்டபிறகு தருமர் என்ன செய்தார் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

பையன் ஃபோன்ல ஆப் போட்டுப் பணம் வச்சு ஆடலாமான்னு கேக்கிறான். திறமை விளையாட்டுதானே, தப்பில்லைங்கிறான்...

வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் எதையும் அந்த வித்தியாசம் பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லைதான், ஆனால் தடையை மீறி நடத்துகிறவனிடம் போன பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

சட்டத்தை விடுங்கள். மேலே ஹார்லனைப் பற்றி எழுதினேனே, அவரைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். ஃபோனில் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஆடுகிறவனைச் சுற்றி யாரும் இல்லை. பையனுக்கு ஆட்டம் பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள். புளியங்கொட்டை நாங்கள் தருகிறோம்.

சரி, படத்தை எப்படிப் பார்க்கணும்?

கையில் ரிமோட் இருக்கட்டும். சீட்டு விழுந்ததும் நிறுத்துங்கள். நடுவில் எவ்வளவு, இவனிடம் எவ்வளவு, நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று காகிதத்தில் எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.

பழக ஒரு நிஜக் கை சொல்கிறேன். ‘ரவுண்டர்ஸ்’ நாயகன் போட்டுப் போட்டுப் பார்க்கும் ஒளிப்பதிவு, 1988 உலகப் போக்கர் தொடரின் கடைசிக் கை. ஜானி சானிடம் ஜாக்கியும் 9-உம். எரிக் சைடலிடம் ராணியும் 7-உம். ஃப்ளாப்பில் ராணி, 10, 8. சானுக்கு அப்போதே ஸ்ட்ரெயிட் (8 முதல் ராணி வரை வரிசையாக ஐந்து) முடிந்துவிட்டது, சைடலுக்கு ஜோடி ராணி. அதன்பின் டர்னில் சான் செய்தது என்ன? ஒன்றுமே இல்லை, சும்மா தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரிவரில் சைடல் தானாகவே மொத்தத்தையும் உள்ளே தள்ளினார்.

முதல் தடவை சானைப் பாருங்கள். இரண்டாம் தடவை சைடல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்: அவருக்குத் தெரிந்தது என்ன, எந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்? அன்று தோற்ற அதே சைடல் பிறகு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். ‘ரவுண்டர்ஸ்’ கடைசிக் கையில் நாயகன் டெடியிடம் செய்வதும் சான் செய்ததேதான்.

கடைசியா ஒண்ணு. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஆடலாமா?

எங்கள் அறையில் ஒரே ஒரு ட்யூப்லைட். அதுவும் மதியம் மின்னழுத்தம் குறைந்தால் மினுக்கும். ஒருத்தர் போட்டுக்கொண்டு வந்தார், கிளாவரையும் ஸ்பேடையும் மாற்றிப் பார்த்து ஃப்ளஷ் என்று காட்டினார். டீ அவர்தான் வாங்கினார்.